லைசென்ஸ் வந்தது, நியாயம் வந்ததா?

சென்ற வாரம் மில் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நமது வாசகர் வட்டத் தோழர்கள் கூடியிருந்தபோது ஒரு பேச்சு எழுந்தது. மொராக்கோ நாட்டு மன்னர் 2024 ஆகஸ்டில் 4,831 கஞ்சா விவசாயிகளுக்கு மன்னிப்பு அளித்த செய்தியை நாம் சொன்னோம். உடனே ஸ்பின்னிங் பிரிவுத் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "கஞ்சாக்காரனுக்கு மன்னிப்பா? இதையெல்லாம் நாம் ஏன் பேச வேண்டும் தோழரே? நம் தெருவில் பையன்கள் கெட்டுப் போவது போதாதா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. போதைக்கு நாம் விரோதிகள். கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்புகிறவனின் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதையில் கிடப்பவன் சங்கத்துக்கும் வரமாட்டான், தன் பிள்ளைக்கும் உதவமாட்டான். அதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் தோழர்களே, குற்றவாளி யார் என்று தீர்மானிக்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும். பயிரிட்டவன் கையில் எவ்வளவு போயிற்று, கடத்தியவன் பையில் எவ்வளவு போயிற்று, சட்டம் யார் கழுத்தைப் பிடித்தது என்ற மூன்று கணக்கையும் பார்த்தால், இது ஏதோ தூர தேசத்துக் கஞ்சாக் கதையல்ல, நாம் நன்றாக அறிந்த குடியானவன் கதைதான் என்பது விளங்கும்.

மலையும் மக்களும்

மொராக்கோவின் வடக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி ரிஃப் மலைத் தொடர் இருக்கிறது. செங்குத்தான சரிவு, மெல்லிய மண், மோசமான பாதை. அந்த மலைவாசிகள் 1921இல் அன்வால் என்ற இடத்தில் ஸ்பானிய ஏகாதிபத்தியத்தின் பெரும் படையையே முறியடித்தவர்கள். அப்துல் கரீம் தலைமையில் சொந்தக் குடியரசு அமைத்தவர்கள். அவர்களை அடக்க ஸ்பெயினும் பிரான்சும் கை கோத்தன. விஷவாயுக் குண்டுகள் அந்தக் கிராமங்களின் மேல் வீசப்பட்டன. 1926இல்தான் அப்துல் கரீம் பணிய நேர்ந்தது.

அந்த மலையில் கெத்தாமா என்ற பகுதியைச் சுற்றிப் பல தலைமுறைகளாகக் கஞ்சா பயிராகி வந்திருக்கிறது. அங்கே அதற்குக் 'கீஃப்' என்று பெயர். அந்நிய ஆட்சிக் காலத்தில் யார் கீஃப் வியாபாரம் செய்தது தெரியுமா? புகையிலைக்கும் கீஃபுக்கும் ஏகபோக உரிமை பெற்ற ஒரு கம்பெனி. அதன் மூலதனம் பெரும்பாலும் பிரெஞ்சு முதலாளிகளுடையது. வெள்ளைக்காரக் கம்பெனி விற்றபோது அது கௌரவமான வர்த்தகம். அந்தக் கம்பெனி பங்குதாரர் எவரும் சிறைக்குப் போகவில்லை.

1954இல் பிரெஞ்சு ஆதிக்கப் பகுதியில் தடை வந்தது. 1956இல் சுதந்திரம் வந்ததும் தடை நாடு முழுவதற்கும் ஆயிற்று. கம்பெனி தன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது. மலையிலிருந்த குடியானவன் எங்கே போவான்? அவனுக்கு மாற்றுப் பயிரும் இல்லை, மாற்று வேலையும் இல்லை. 1958-59இல் ரிஃப் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது புதிய சர்க்கார் பட்டாளத்தை அனுப்பி அடக்கியது. அதன் பிறகு அந்த மலைக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் தொழிற்சாலையும் வந்து சேராத ஆண்டுகள் எத்தனையோ. ஐரோப்பாவிலிருந்து ஹஷீஷ் வாங்க வந்த வியாபாரி மட்டும் தவறாமல் வந்தான்.

நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்

இனி கணக்கைப் பார்ப்போம். 2003இல் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் பிரிவும் மொராக்கோ சர்க்காரும் சேர்ந்து சர்வே நடத்தின. வடக்கே ஐந்து மாகாணங்களில் 1,34,000 ஹெக்டேரில் கஞ்சா பயிராயிற்று. 96,600 குடும்பங்கள் அதை நம்பியிருந்தன. ஏறக்குறைய எட்டு லட்சம் ஜனங்கள். அந்தப் பயிரிலிருந்து பிறந்த மொத்த வியாபாரம் சுமார் 1,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். இதில் விவசாயிகள் அனைவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 21 கோடியே 40 லட்சம் டாலர்.

நம் பாஷையில் சொன்னால், நூறு ரூபாய் வியாபாரத்தில் பாடுபட்டவனுக்கு இரண்டு ரூபாய் கூட இல்லை. மிச்சம் தொண்ணூற்றெட்டு ரூபாயும் படகுக்காரனுக்கும், தரகனுக்கும், எல்லை கடத்துகிறவனுக்கும், ஐரோப்பிய நகரங்களில் விற்கிற பெரிய கைகளுக்கும் போயிற்று.

ஆனால் வாரண்டு யார் பெயரில் வந்தது? 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பயிரிட்டவன் பெயரில் வந்தது! பல்லாயிரம் குடியானவர்கள் வருஷக்கணக்கில் வாரண்டோடு வாழ்ந்தார்கள். வாரண்டு உள்ளவன் டவுனுக்குப் போக அஞ்சுவான். அடையாளச் சீட்டைப் புதுப்பிக்க சர்க்கார் ஆபீசுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரனோடு வாய்க்கால் தகராறு என்றால், பேர் போடாத ஒரு மொட்டைக் கடுதாசி போதும், ஜெண்டார்மெரிப் போலீஸ் வாசலில் நிற்கும். இப்படிப்பட்ட மனிதன் வியாபாரியிடம் விலை பேச முடியுமா? 'இந்த விலை கட்டாது' என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழுமா? சட்டத்தின் பயமே வியாபாரிக்கு மூலதனமாக இருந்தது. இதுதான் விஷயத்தின் அடிநாதம்.

புதிய சட்டம் சொன்னது என்ன?

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் கமிஷன், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க ஓட்டெடுத்தது. அனுகூலமாக 27, எதிராக 25. மொராக்கோ அனுகூலமாக ஓட்டளித்தது. இந்தியாவும் அனுகூலமாகவே ஓட்டளித்தது. அடுத்த வருஷம், 2021இல், மொராக்கோ பார்லிமெண்ட் 13-21 என்ற எண்ணுள்ள சட்டத்தை நிறைவேற்றியது. மருந்துக்கும், தொழிற்சாலைக்கும், அழகுப் பொருளுக்கும் கஞ்சா பயிரிடலாம், அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பது அதன் சாரம். போதைக்காக விற்பது முன்போலவே குற்றம்.

அப்போது உள்நாட்டு இலாகாவே பார்லிமெண்டில் ஒரு கணக்கை வைத்தது. கள்ள வியாபாரத்தில் விவசாயிக்குக் கிடைப்பது கடைசி விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 4. சட்டபூர்வமானால் 12 கிடைக்கும். நல்லதுதான். மூன்று மடங்கு! நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் பன்னிரண்டு போக மிச்சம் எண்பத்தெட்டு எங்கே போகிறது என்று கேட்க விவசாயிக்கு உரிமை உண்டல்லவா?

லைசென்ஸின் ஏழு கதவுகள்

சட்டம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் குடியானவன் எத்தனை கதவு தட்ட வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, அவன் மூன்று மாகாணங்களில் ஒன்றில் குடியிருக்க வேண்டும். 2022இல் அல் ஹொசைமா, ஷெஃப்ஷாவென், தவுனாத் என்ற மூன்று மட்டுமே குறிப்பிடப்பட்டன. 2003 சர்வேயில் இருந்த லராஷ், தெத்துவான் மாகாணத்துக்காரர்கள் வேலிக்கு வெளியே.

இரண்டாவது, நிலம் அவனுடையது என்று காட்ட வேண்டும். இல்லையேல் சொந்தக்காரன் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும். அதுவுமில்லையேல் 'இவன் இந்த நிலத்தில் பயிரிடுகிறான்' என்று உள்ளூர் அதிகாரி சர்ட்டிபிகேட் தர வேண்டும். இங்கேதான் முடிச்சு! ரிஃப் மலையில் முறையான பத்திரம் உள்ள நிலம் குறைவு. தாத்தா உழுதார், அப்பா உழுதார், பேரன் உழுகிறான். அதுதான் பத்திரம். வேறு சில இடங்களில் மரத்தை வெட்டித் திருத்திய நிலத்தை வன இலாகா தன்னுடையது என்கிறது. ஆகவே ஏழைக்கு மிஞ்சுவது அதிகாரியின் சர்ட்டிபிகேட் ஒன்றே. அதைத் தருகிறவர் யார்? நேற்றுவரை வாரண்டைக் காட்டி மிரட்டிய அதே நிர்வாகம். நேற்று பயந்து ஒளிந்தவன் இன்று அதே மேஜைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற பேனாவுக்கு எவ்வளவு பலம் என்பதை, கிராமத்தில் ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டுமா?

மூன்றாவது, தனி ஆளாக மனுச் செய்தால் பலிக்காது. கூட்டுறவுச் சங்கத்தில் சேர வேண்டும்.

நான்காவது, விதை. கையில் வைத்திருந்த விதையைப் போடக்கூடாது, ஏஜென்சி ஒப்புக்கொண்ட விதைதான் போட வேண்டும். ஆரம்பத்தில் வெளிநாட்டு ரகங்களே வந்தன. அந்த மலையின் சொந்த ரகம் 'பெல்தியா', அதாவது நாட்டு ரகம். அது மழையை நம்பி வளரும். வெளிநாட்டு ரகங்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கிணறும் பம்ப்செட்டும் உள்ளவனுக்கு அது சரி. மழையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? 2024இல்தான் நாட்டு ரகத்துக்கும் அனுமதி கிடைத்தது. விவசாயி முதலிலிருந்தே சொன்னதை ஏற்றுக்கொள்ள அதிகாரிகளுக்கு ஒரு போகம் கழிய வேண்டியிருந்தது!

ஐந்தாவது, விளைச்சலை சந்தைக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. லைசென்ஸ் பெற்ற கம்பெனியோடு கூட்டுறவுச் சங்கம் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆறாவது, அதையும் ஏஜென்சி ஆட்களும் அதிகாரிகளும் பார்க்க, கணக்கெழுதிக் கொடுக்க வேண்டும். ஏழாவது, ஒப்பந்தத்துக்கு மேல் விளைந்தால் அழித்துவிட வேண்டும். மழை நன்றாகப் பெய்து பயிர் செழித்தால் அதுவும் ஒரு தலைவலி!

போதைப் பயிர் ஆயிற்றே, கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். கள்ள மார்க்கெட்டுக்கு ஒழுகாமல் காப்பது சர்க்காரின் கடமை. நாம் கேட்பது வேறு. ஏழு கதவிலும் காவல் விவசாயி பக்கமாகவே நிற்கிறதே, கம்பெனி பக்கம் யார் நிற்கிறார்கள்?

முதல் அறுவடையும் மிச்சக் கணக்கும்

2022 அக்டோபரில் முதல் பத்து லைசென்ஸ்கள் கொடுக்கப்பட்டன. அவை விவசாயிகளுக்கல்ல, கம்பெனிகளுக்கு! 2023இல் 430 விவசாயிகளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. அந்த வருஷம் 32 கூட்டுறவுகளைச் சேர்ந்த 416 விவசாயிகள் 277 ஹெக்டேரில் பயிரிட்டு 294 டன் அறுத்தார்கள். ஆளுக்குச் சராசரி ஒன்றே முக்கால் ஏக்கர் கூட இல்லை. இவர்கள் எல்லாம் சிறு விவசாயிகள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உள்நாட்டு இலாகாவின் மதிப்பீட்டின்படியே இந்தப் பயிரை நம்பிய குடும்பங்கள் 60,000. அதில் 430 என்றால் நூற்றில் ஒன்று கூட இல்லை. 2024இல் நிலைமை முன்னேறியது என்பதையும் நாம் மறைக்கவில்லை. லைசென்ஸ் பெற்றவர்கள் சில ஆயிரமானார்கள். விளைச்சல் 4,000 டன்னைத் தாண்டியது. மன்னிப்பும் வந்தது. தண்டிக்கப்பட்டவர்கள், வழக்கில் சிக்கியவர்கள், தேடப்பட்டவர்கள் எனப் பலரும் தலைநிமிர்ந்து டவுனுக்கு வர முடிந்தது. அது பெரிய காரியம். வருஷக்கணக்கில் ஒளிந்திருந்த ஒரு தகப்பன் மகள் கல்யாணத்தில் பகிரங்கமாக உட்காருவது சின்ன விஷயமல்ல.

ஆனால் லைசென்ஸ் வாங்கியவன் கதை சுகமாக முடிந்ததா? 2025 ஆகஸ்டில் தவுனாத்தில் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். கொடுத்த விளைச்சலுக்குப் பணம் வந்து சேரவில்லை என்று முறையிட்டார்கள்.

இதைக் கேட்டதும் டீக்கடையில் முதலில் சிரித்த அதே தோழர், "அட, இது கரும்பு பாக்கி மாதிரியல்லவா இருக்கிறது!" என்றார். அவருடைய அண்ணன் கிராமத்தில் கரும்பு போடுகிறவர். பதிவு செய்த ஆலைக்கே கரும்பை வெட்ட வேண்டும், வெட்டிய பின் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு வீட்டுக் கதை.

அவர் சொன்னது சரி. வாங்குபவன் ஒருவன்தான் என்று சட்டமே கட்டிப்போட்டால், அந்த ஒருவன் பணம் தரும் நாளையும் சட்டமே கட்டிப்போட வேண்டும். விவசாயி ஒப்பந்தத்தை மீறினால் லைசென்ஸ் ரத்து. கம்பெனி தாமதித்தால்? கள்ள வியாபாரி ஏமாற்றுக்காரன்தான், ஆனாலும் ரொக்கத்தோடு வருகிறான். லைசென்ஸ் கம்பெனி காகிதத்தோடு வருகிறது. பட்டினி கிடப்பவனை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்று சர்க்கார் யோசிக்க வேண்டாமா? பணம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கடத்தல்காரனுக்குச் செய்யும் பிரசாரம்!

பெயரில்லாதவர்கள்

இன்னொரு கூட்டத்தையும் நாம் மறக்கக்கூடாது. லைசென்ஸில் விவசாயியின் பெயர் இருக்கும். அவனோடு விடியற்காலையில் சரிவில் ஏறிக் களை பறிக்கும் பெண்ணின் பெயர் அதில் இல்லை. ஆண் செடியைப் பார்த்துப் பிடுங்குவதும், அறுத்ததைச் சுமப்பதும், காயவைப்பதும் பெரும்பகுதி பெண்கள் செய்யும் வேலை. அறுவடைக்கு வரும் கூலியாளின் பெயரும் அதில் இல்லை. விவசாயிக்கே பாக்கி என்றால் கூலிக்காரனுக்கு என்ன கிடைக்கும்? நமது விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

வேறு பயிர் வைத்தால் என்ன?

சில படித்த கனவான்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்: 'ஒலிவ மரமும் பாதாமும் வைக்கட்டுமே!' வைத்துத்தான் பார்த்தார்கள். மரம் காய்க்க வருஷங்கள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டும். காய்த்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக ரோடு வேண்டும். ரிஃப் மக்கள் இதைத்தானே கேட்டார்கள்? 2016 அக்டோபரில் அல் ஹொசைமாவில் மொஹ்சின் ஃபிக்ரி என்ற மீன் வியாபாரியின் மீனை அதிகாரிகள் பறித்துக் குப்பை லாரியில் போட்டார்கள். அதை மீட்கப் போனவர் லாரியின் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார். அந்த மலையே கொதித்தெழுந்தது. ஆஸ்பத்திரி வேண்டும், யுனிவர்சிட்டி வேண்டும், வேலை வேண்டும் என்று மாதக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். கிடைத்தது என்ன? இயக்கத்தின் தலைவர் நாசர் ஸெஃப்ஸாஃபிக்கு 2018இல் இருபது வருஷ சிறைத் தண்டனை!

ரோடு கேட்டவனுக்குச் சிறை, பயிர் வைத்தவனுக்கு வாரண்டு என்றால் மூன்றாவது வழி எங்கே? லைசென்ஸ் அந்த மூன்றாவது வழியாக இருக்க முடியும். நிச்சயம் முடியும். ஆனால் அது தானாக நியாயமாகிவிடாது.

செய்ய வேண்டியது என்ன?

நாம் மொராக்கோ சர்க்காருக்குப் புத்தி சொல்லப் போவதில்லை. அந்த நாட்டு உழைப்பாளி மக்கள் தங்கள் கோரிக்கைகளைத் தாங்களே வகுத்துக்கொள்வார்கள். ஆயினும் கணக்கு நம் கண்முன் இருக்கும்போது, நியாயம் எது என்று சொல்லாமல் இருக்க முடியாது.

உழுகிறவன் யார் என்பதை ஓர் அதிகாரியின் பேனா மட்டும் தீர்மானிக்கக்கூடாது. ஊரார் முன்னிலையில், பகிரங்கமாக விசாரித்து, இத்தனை நாளுக்குள் பதில் என்று கெடு வைத்து முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டும். விளைச்சலைக் கொடுத்த நாளிலிருந்து குறித்த காலத்துக்குள் பணம் தராத கம்பெனியின் லைசென்ஸும் ரத்தாக வேண்டும். குறைந்தபட்ச விலை சட்டத்தில் இருக்க வேண்டும். கூட்டுறவு என்பது கம்பெனிக்கு ஆள்பிடித்துக் கொடுக்கும் பெயர்ப்பலகையாக இல்லாமல், விவசாயிகளே கணக்குப் பார்க்கும் சங்கமாக இருக்க வேண்டும். எண்ணெய் எடுப்பதும் மருந்து செய்வதும் அந்தச் சங்கங்கள் கைக்கு வந்தால், எண்பத்தெட்டில் ஒரு பகுதி மலைக்குத் திரும்பும். கூலியாளுக்கும் பெண்களுக்கும் கூலி நிர்ணயம் வேண்டும்.

இதில் ஒன்றும் ஆகாயத்தைப் பிடிக்கும் கோரிக்கை இல்லை. சிறு விவசாயி எந்தப் பயிர் வைத்தாலும், எந்த தேசத்தில் வைத்தாலும் கேட்க வேண்டிய சாதாரண நியாயம்தான்.

டீக்கடைத் தோழருக்கு நமது பதில் இதுதான். தெருவில் பையன்களைக் கெடுப்பவன் மேல் நமக்குள்ள கோபம் சரியானது, அது குறைய வேண்டாம். ஆனால் அந்தக் கோபம் சரியான விலாசத்துக்குப் போக வேண்டும். நூறு ரூபாயில் இரண்டு ரூபாய் வாங்கியவனைப் பிடித்து உள்ளே போட்டு, தொண்ணூற்றெட்டு வாங்கியவனை விட்டுவிடுவது போதை ஒழிப்பு ஆகாது. அன்று தடைச் சட்டம் கடத்தல்காரனுக்குக் காவல் நின்றது. இன்று லைசென்ஸ் கம்பெனிக்குக் காவல் நிற்கக்கூடாது. அதைத் தடுக்கும் சக்தி தவுனாத்தில் வீதிக்கு வந்த விவசாயிகளிடம் இருக்கிறது. வாரண்டுக்குப் பயந்து தனித்தனியே ஒளிந்திருந்தவர்கள் இப்போது பட்டப்பகலில் கூட்டமாக நின்று பாக்கியைக் கேட்கிறார்கள். லைசென்ஸ் அவர்களுக்குத் தந்த பெரிய லாபம் இதுதான். மிச்ச லாபத்தை அவர்கள் சேர்ந்து நின்று வாங்கிக்கொள்வார்கள்.